நடுவில் காடு, சுற்றிலும் அகேசியா: சுமத்ராவின் பீட் நிலங்கள் வறள்வது எப்படி?

சுமத்ராவின் கிழக்குக் கரையில், இந்தோனேசியாவின் ரியாவ் மாகாணத்தில் இருக்கிறது கம்பார் தீபகற்பம். பரப்பு சுமார் 7 லட்சம் ஹெக்டேர். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால், பீட் எனப்படும் மட்காத தாவர எச்சத்தின் மேல் நிற்கும் அடர்ந்த சதுப்புக் காடு நடுவே தெரியும். அதைச் சுற்றி, அளந்து வெட்டிய வாய்க்கால்களுக்கு இடையே கட்டம் கட்டமாக அகேசியா தோட்டங்கள். காகிதக்கூழ் ஆலைகளுக்காக 5 ஆண்டுக்கு ஒரு முறை அறுவடையாகும் மரம் அது. நடுக் காட்டின் பெரும்பகுதி 2013-இல் தொடங்கிய சூழல் மீட்புத் திட்டம் ஒன்றின்கீழ் வருகிறது. அருகிலுள்ள பாடாங் தீவையும் சேர்த்தால் அத்திட்டத்தின் பரப்பு சுமார் 1.5 லட்சம் ஹெக்டேர். தோட்டங்கள் வளையமாக நின்று ஆக்கிரமிப்பையும் தீயையும் தடுப்பதால் உள்ளிருக்கும் காடு பிழைக்கிறது என்பது இந்த ஏற்பாட்டை நடத்துவோர் சொல்லும் வாதம்.

அதில் உண்மை இருக்கிறது. காவலர்கள் இல்லாத பீட் காடுகள் சுமத்ராவில் என்ன ஆயின என்பது தெரிந்ததே. ஆனால் அறுவை இயந்திரத்தோடு வருபவனைத்தான் காவலர் தடுக்க முடியும். காட்டுக்குள்ளிருந்து தோட்ட வாய்க்காலை நோக்கி இரவும் பகலும் கசியும் நீரைத் தடுக்க எந்தக் காவலும் போதாது. காடு, தோட்டம் என்ற பிரிவு வரைபடத்தில் மட்டுமே இருக்கிறது; தரைக்குக் கீழே இருப்பது ஒரே நீர். இந்த நிலங்களின் சிக்கல் முழுவதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

குவிமேடு என்ற நீர்த்தேக்கம்

பீட் என்பது முழுதாக மட்காத தாவர எச்சம். வேர், இலை, கிளை, விழுந்த மரம் எல்லாம் நீரில் மூழ்கிக் கிடக்க, காற்று புகாததால் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று முடிக்க முடிவதில்லை. ஆண்டுக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் என்ற கணக்கில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து, இரண்டு ஆறுகளுக்கு நடுவே 10 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு அது குவிகிறது. அதன் வடிவம் கவிழ்த்து வைத்த தாம்பாளம் போன்றது: நடுவில் உயர்ந்து, ஓரங்களில் சரியும். அந்த உயரமும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஏறியிருப்போம். ஆற்று வெள்ளம் மேலே ஏறாது. குவிமேட்டுக்கு வரும் நீர் மழை மட்டும்தான். அதனால் மண்ணில் சத்து மிகக் குறைவு, புளிப்பு மிக அதிகம். கார அமில மதிப்பு 4-ஐ ஒட்டி இருக்கும்.

ஒரு கன மீட்டர் இயற்கை பீட்டில் உலர்ந்த பொருள் சுமார் 100 கிலோ மட்டுமே. மீதி ஏறக்குறைய முழுவதும் நீர். உலர்ந்த பொருளில் பாதிக்கு மேல் கார்பன். ஆக, நாம் 'மண்' என்று சொல்வது பெரும்பாலும் நீர். அதைத் தாங்கிப் பிடிப்பது ஒரு மெல்லிய தாவர வலை. நீரை எடுத்துவிட்டால் நிலமே இருக்காது.

இந்த நிலத்தில் நிற்கும் காடும் தனி வகைதான். மெராந்தி, ரமின் போன்ற விலைமிக்க மரங்களோடு நம் நாவல், புன்னை, தாழை ஆகியவற்றின் பேரினங்களைச் சேர்ந்த மரங்களும் இங்கு உண்டு. வேர்களில் பெரும்பகுதி மேலடுக்கிலேயே படர்ந்திருக்கும். அடிமரத்தைச் சுற்றிப் பலகை வேர்களும் மூச்சு வேர்களும் இலைச் சருகைப் பிடித்துச் சிறு மேடுகளாக்கும். மேடுகளுக்கு இடையே பள்ளங்களில் நீர் நிற்கும். பார்க்க ஒழுங்கற்ற சேறாகத் தெரியும் இந்த மேடு பள்ளம்தான் மழைநீர் ஓடிவிடாமல் பிடித்து வைக்கும் அமைப்பு. காட்டைக் கலைக்கும் எதுவும் முதலில் கெடுப்பது இதைத்தான்.

வாய்க்காலில் இருந்து காட்டுக்குள்

பீட்டில் அகேசியா கிராசிகார்பா என்ற தோட்ட வகை வளர வேண்டுமென்றால் நீர்மட்டத்தை இறக்க வேண்டும். வழக்கமாகத் தரைக்குக் கீழே 70, 80 சென்டிமீட்டர் வரை இறக்குவார்கள். வெட்டிய மரத்தைப் படகில் ஏற்றிச் செல்லும் அளவுக்கு அகலமான முதன்மை வாய்க்கால்கள், அவற்றில் சேரும் கிளை வாய்க்கால்கள் என்று வலை விரிகிறது. தோட்டத்தின் கடைசி வாய்க்கால் காட்டின் விளிம்பை ஒட்டி ஓடும்.

அந்த வாய்க்காலில் நீர் இறங்கியவுடன் காட்டுப் பக்கமும் நீர் சரிந்து அதை நோக்கி வரும். பீட்டின் மேலடுக்கு மிகத் தளர்வானது, நீர் எளிதாக ஓடும். எனவே பாதிப்பு விளிம்போடு நிற்காமல் 1 முதல் 2 கிலோமீட்டர் வரை உள்ளே போகிறது. நான்கு பக்கமும் தோட்டம் சூழ்ந்த 6 கிலோமீட்டர் அகலக் காட்டுத் துண்டை எண்ணிப் பாருங்கள். இரு பக்கமிருந்தும் 2 கிலோமீட்டர் போனால், பழைய நீர்நிலையோடு மிஞ்சுவது நடுவில் 2 கிலோமீட்டர்தான். வரைபடம் மட்டும் முழுப் பரப்பையும் 'காடு' என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

நீர் இறங்கியதும் தரையும் இறங்குகிறது. முதலில் மிதப்பு போய், தன் எடையாலேயே பீட் அமுங்குகிறது. பிறகு காற்று பட்ட பகுதி மட்கிக் கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கிறது. சுமத்ராவின் அகேசியா தோட்டங்களில் நடந்த அளவீட்டில், வாய்க்கால் வெட்டிய முதல் 5 ஆண்டுகளில் தரை சராசரியாக 142 சென்டிமீட்டர் தாழ்ந்தது. அதன் பின் ஆண்டுக்கு சுமார் 5 சென்டிமீட்டர். 1, 2 மில்லிமீட்டராகச் சேர்ந்ததை 5 சென்டிமீட்டராக இழக்கிறோம் என்றால், ஓராண்டில் போவது குறைந்தது 25 ஆண்டுச் சேமிப்பு.

விளிம்புக் காட்டில் இதன் விளைவைக் கண்ணாலேயே பார்க்கலாம். தரை இறங்க, மரங்களின் பலகை வேர்கள் அந்தரத்தில் நிற்கும். பிடிப்பு போன பெருமரங்கள் சாய்ந்து, அடுத்த பலத்த காற்றில் விழும். விழுந்த இடத்தில் வெயில் நேராகத் தரையில் படும். நிழலில் 26, 27 டிகிரியில் இருந்த தரை, திறந்த வெளியில் நண்பகலில் 40 டிகிரியைத் தொடும். வெப்பம் கூடினால் மட்குவதும் கூடும், தரை இன்னும் இறங்கும், அடுத்த மரமும் சாயும்.

உள்ளேயிருந்து வரும் கேடு

திருட்டு மரவெட்டு வேறு விதமாக வேலை செய்கிறது. எத்தனை மரம் வெட்டினார்கள் என்பதைவிட, வெட்டியதை எப்படி வெளியே கொண்டுபோனார்கள் என்பதுதான் பீட்டுக்கு முக்கியம். ஆள் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான ஓடை ஒன்றைத் தோண்டி, அதில் மரத்தை மிதக்கவிட்டு ஆற்றுக்குத் தள்ளுவார்கள். போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானின் மத்திய மாகாணத்தில் 2004-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட செபங்காவ் காட்டில் இத்தகைய ஓடைகள் ஏராளம். மரம் வெட்டியவர்கள் போய்ப் பல ஆண்டுகள் ஆனபின்னும் ஓடை நீரைக் கொண்டுபோய்க்கொண்டே இருக்கும். ஓட்டம் அரித்து அரித்து அது அகலமாகவும் ஆகும். ரமின் மரத்தின் பன்னாட்டு வணிகத்தின் மீதான கட்டுப்பாடு 2005-இல் இறுகியது. அதற்கு முன் தோண்டிய ஓடைகளை அந்தக் கட்டுப்பாடு மூடிவிடாது.

மரங்கள் குறைந்தால் ஆவியாகும் நீரும் குறையும், நிலம் ஈரமாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்கலாம். மழைக்காலத்தில் அப்படித்தான் ஆகிறது. ஆனால் மேடு பள்ளம் சிதைந்த தரையில் நீர் தங்குவதில்லை, ஓடைகளில் வழிந்துவிடும். கோடையில் நிலைமை தலைகீழ். ஒரு கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். மழையில்லாத ஒரு மாதத்தில் நாளுக்கு 4 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று கொண்டால், 30 நாளில் 120 மில்லிமீட்டர். நல்ல நிலையிலுள்ள தளர்ந்த பீட்டின் கன அளவில் கால் பங்கு வடியக்கூடிய நீர் என்றால், அந்த இழப்புக்கு நீர்மட்டம் 48 சென்டிமீட்டர் இறங்கும். அமுங்கிக் கெட்டிப்பட்ட பீட்டில் வடியக்கூடியது பத்தில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொண்டால், அதே 120 மில்லிமீட்டருக்கு 1.2 மீட்டர் இறங்கும். அதே வெயில், அதே வறட்சி. ஆனால் ஒரு முறை அமுங்கிய நிலம் இரண்டரை மடங்கு ஆழத்துக்குக் காய்கிறது. காட்டுக் குலைவும் வடிகாலும் ஒன்றையொன்று பெருக்குகின்றன என்று சொல்வதன் பொருள் இதுதான்.

இந்த நிலையில் தீ வந்தால் மீள்வது கடினம். நீர்மட்டம் 40 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் தீ அபாயம் கூர்மையாக உயர்கிறது என்பது கலிமந்தான் ஆய்வுகளில் தெரியவந்தது. பீட் தீ சுடர்விட்டு எரிவதில்லை. தரைக்குள் கனன்றபடி பக்கவாட்டில் நகரும். மேலே நீர் தெளித்தால் புகை குறையும், நெருப்பு அணையாது. காய்ந்த பீட் நீரை விலக்கும் தன்மை பெற்றுவிடுவதால் தெளித்த நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். மத்திய கலிமந்தானில் அளந்தபோது 1997-இல் சராசரியாக 51 சென்டிமீட்டரும், 2006-இல் 33 சென்டிமீட்டரும் பீட் எரிந்திருந்தது. 33 சென்டிமீட்டர் என்றால் ஹெக்டேருக்கு 3,300 கன மீட்டர். அதில் உலர்ந்த பொருள் 330 டன், கார்பன் சுமார் 185 டன். மழை குறையும் எல் நினோ ஆண்டான 2015-இல் இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. நாட்டின் இழப்பை 1,610 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. அந்தப் புகைமூட்டத்தில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிகளை மூட வேண்டியிருந்ததை அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் மறந்திருக்காது.

எரிந்த இடத்தில் முதலில் வருவது பெரணிகளும் கோரைகளும். கோடையில் அவை காய்ந்து அடுத்த தீக்கு விறகாகும். ஒரு முறை எரிந்த காடு தானே மீள வாய்ப்பு உண்டு. விதை தரும் தாய்மரங்கள் அருகில் இருந்தால் போதும். இரண்டு, மூன்று முறை எரிந்தால் விதை மரமும் இல்லை, மண்ணுக்கடியில் துளிர்க்க வேரும் இல்லை. தரை தாழ்ந்து மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நீர் தேங்குவதால் நட்ட கன்றும் மூழ்கிச் சாகும்.

தோட்டம் சூழ்ந்த காட்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அகேசியா விதையின் மேலோடு கெட்டியானது. தீயின் சூட்டில் அது வெடித்து முளைக்கும். எனவே விளிம்பு எரிந்தால் அங்கு முதலில் எழுவது தோட்டத்து மரமாகவே இருக்கக்கூடும். நீலகிரியை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே மலைப் பள்ளத்தாக்குகளில் சிறு பீட் படுகைகள் உள்ளன. சாண்டிநல்லாவில் எடுத்த பீட்டின் கார்பன் ஐசோடோப்புகளைக் கொண்டு பல்லாயிரம் ஆண்டுப் பருவநிலையை 1993-இல் விஞ்ஞானிகள் விவரித்தார்கள். அந்தப் படுகைகளைச் சூழ்ந்த புல்வெளிகளில் வாட்டில் என்ற அகேசியா, நட்ட எல்லையைத் தாண்டி, வெட்டினாலும் எரித்தாலும் மீண்டும் முளைத்துப் பரவியிருக்கிறது.

எவ்வளவு போகிறது?

செபங்காவ் பகுதியில் கோபுரம் நட்டு 2004 முதல் 2008 வரை கரியமில வாயுவின் போக்குவரத்தை அளந்தார்கள். வடிகால் பெரிதாக இல்லாத காட்டில் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 174 கிராம் கார்பன் நிகர இழப்பு. வடிகால் வெட்டிய காட்டில் 328. வடிகாலும் தீயும் பட்ட நிலத்தில் 499. நடுவிலுள்ள எண்ணைக் கவனிக்க வேண்டும். மரம் நிற்கிறது, மேலிருந்து பார்த்தால் பச்சை. ஆனாலும் இழப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மரப் போர்வையை மட்டும் வைத்துக் காட்டின் நலத்தை மதிப்பிடுவது ஏன் ஏமாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கம்பாரிலும் இதே போன்ற கோபுரங்கள் உண்டு. 2023-இல் வெளியான முடிவின்படி அகேசியா தோட்டம் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு சுமார் 35 டன் கரியமில வாயுவுக்குச் சமமான வாயுக்களை வெளியிட்டது; குலையாத காடு சுமார் 20 டன்; குலைந்த காடு சுமார் 44 டன். தோட்டத்தைவிடக் குலைந்த காடு மோசம் என்ற இந்த எண்ணைத் தோட்டத்துக்கு ஆதரவான வாதமாகச் சிலர் படிக்கக்கூடும். அது தவறான வாசிப்பு. தோட்டங்கள் சூழ்ந்த நிலத்தில் காட்டைக் குலைத்ததில் வடிகாலுக்குப் பங்கு உண்டு. குலையாத காட்டோடு ஒப்பிட்டால் தோட்டத்தின் வெளியீடு ஒன்றே முக்கால் மடங்கு. வாயுவாகப் போவதோடு, கரைந்த நிலையில் தேநீர் நிற ஆற்றுநீரிலும் கார்பன் வெளியேறுகிறது. குலைந்த பீட்டிலிருந்து அப்படிப் போகும் கார்பன் நூற்றாண்டுகள், ஆயிரம் ஆண்டுகள் பழையது என்று கதிரியக்கக் கார்பன் அளவீடு காட்டுகிறது. அதாவது, ஆழத்தில் கிடந்த சேமிப்பே கரைகிறது.

அளப்பதும் அடைப்பதும்

இந்தோனேசிய அரசின் 2014, 2016 ஆம் ஆண்டு விதிகள் பீட் நிலத்தை நீரியல் அலகுகளாகப் பிரிக்கின்றன. இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட பீட் முழுவதும் ஓர் அலகு. அதில் குறைந்தது 30 விழுக்காடும், 3 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள பீட்டும் பாதுகாப்புக்கு உரியவை. சாகுபடி நிலத்தில் நீர்மட்டம் 40 சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. அலகு என்ற சிந்தனை மிகச் சரி. 40 சென்டிமீட்டர் என்ற எல்லை தீயைக் குறைக்கும், மட்குவதை நிறுத்தாது. நீர்மட்டம் ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் இறங்கும்போதும் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு சுமார் 9 டன் கரியமில வாயு கூடுகிறது என்ற பழைய மதிப்பீட்டைக் கொண்டு பார்த்தால்கூட, 40 சென்டிமீட்டரில் 36 டன் போய்க்கொண்டே இருக்கும்.

எங்கே அளக்கிறோம் என்பதும் முக்கியம். துளையிட்ட பிவிசி குழாயைப் பீட்டில் இறக்கி நீர்மட்டம் பார்ப்பது எளிய முறை. இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவே நீர்மட்டம் உயர்ந்தும், வாய்க்கால் ஓரத்தில் தாழ்ந்தும் இருக்கும். கட்டத்தின் நடுவில் ஒரே குழாய் வைத்தால் நிலைமை நல்லதாகவே தெரியும். விளிம்பு வாய்க்காலில் தொடங்கி, காட்டுக்குள் 50, 100, 250, 500, 1000, 2000 மீட்டரில் ஒரே நேர்கோட்டில் குழாய்கள் வைத்தால்தான் வடிகால் எவ்வளவு தூரம் இழுக்கிறது என்று தெரியும். அளப்பவர் குழாயருகே மிதித்து நின்றால் பீட் அமுங்கி நீர் மேலெழும், அளவு பொய்யாகும். பலகை போட்டு அதன்மேல் நிற்க வேண்டும். தரை இறங்குவதை அளக்கும் கம்பி, பீட்டைத் துளைத்து அடியிலுள்ள களிமண்ணில் ஊன்றி நிற்க வேண்டும். பீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டால் கம்பியும் தரையோடு சேர்ந்து இறங்கும், மாற்றம் பூஜ்யம் என்று காட்டும்.

அடைப்பதில் முதல் விதி: ஒரே பெரிய அணை வேண்டாம், சிறு தடுப்புகளின் தொடர் வேண்டும். ஒரு தடுப்பின் மேற்புறத்துக்கும் கீழ்ப்புறத்துக்கும் நீர்மட்ட வேறுபாடு 20 முதல் 30 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. கிலோமீட்டருக்கு 1 மீட்டர் சரிவு, தடுப்புக்கு 25 சென்டிமீட்டர் என்றால், 250 மீட்டருக்கு ஒன்று. 10 கிலோமீட்டர் வாய்க்காலுக்கு 40. செலவைக் குறைக்க 10 தடுப்பு மட்டும் கட்டினால் ஒவ்வொன்றும் 1 மீட்டர் நீரழுத்தம் தாங்க வேண்டும். பீட்டில் அது தாங்காது. நீர் தடுப்பை உடைப்பதில்லை. பக்கவாட்டில் தளர்ந்த பீட்டை அரித்துச் சுற்றிக்கொண்டு போகும். அதனால் தடுப்பின் இரு சிறகுகளையும் கரைக்குள் பல மீட்டர் நீட்ட வேண்டும். மிகைநீர் வழிய ஒரு தாழ்வான வாய் விட்டு, அது விழும் இடத்தில் அரிப்பு வராமல் காக்க வேண்டும். குறுகிய ஓடைக்கு இரட்டைப் பலகைச் சுவர் கட்டி, நடுவில் பீட் மூட்டைகளைத் திணித்தால் போதும். தோட்டத்தின் அகல வாய்க்காலுக்கு இயந்திரம் கொண்டு பீட்டை அமுக்கிக் கட்டிய கரையே நிற்கும். வேலையைக் குவிமேட்டின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி நடத்த வேண்டும். கீழே மட்டும் அடைத்தால் மேலிருந்து வரும் மழைக்கால ஓட்டம் முதல் பெருமழையிலேயே அதைப் பெயர்த்துவிடும்.

படகில் போய்வரும் ஊர்மக்களின் வழியை அடைத்தால் தடுப்பு உடைக்கப்படும். பல மீட்புத் திட்டங்கள் இதில் தோற்றிருக்கின்றன. படகைச் சறுக்கிக் கடத்த ஒரு சாய்தளம், தடுப்பைப் பராமரிக்க அவ்வூர்க்காரர்களுக்கே கூலி, நீர் நின்ற நிலத்திலும் வருமானம் தரும் சவ்வரிசிப் பனை, ஜெலுத்தோங் போன்ற மரங்கள் ஆகியவற்றையும் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும்.

ஆனால் உள்ளே எத்தனை தடுப்பு கட்டினாலும், விளிம்பு வாய்க்கால் 80 சென்டிமீட்டர் கீழே ஓடும்வரை காடு அதை நோக்கி வடியத்தான் செய்யும். காட்டை ஒட்டிய தோட்டப் பட்டையைக் கைவிட்டு நீர்மட்டத்தை உயர்த்துவதே தீர்வு. 2015-இல் ஒரு காகித நிறுவனம் ரியாவிலும் தெற்கு சுமத்ராவிலும் சுமார் 7,000 ஹெக்டேர் தோட்டத்தை இப்படி நிரந்தரமாக விடுவதாக அறிவித்தது. திசை சரிதான், ஆனால் தேவைக்கு முன் அந்தப் பரப்பு மிகச் சிறியது. தீபகற்ப மலேசியா, சுமத்ரா, போர்னியோ மூன்றிலும் சேர்த்து 2015 நிலவரப்படி பீட் நிலத்தில் 27 விழுக்காடு பெருந்தோட்டங்கள். காடாக மிஞ்சியது 29 விழுக்காடு, அதிலும் கைபடாதது வெறும் 6.

தோட்டத்துக்கும் இதில் காலக்கெடு உண்டு. கரையோரப் பீட்டின் அடித்தளம் பல இடங்களில் ஆற்றின் உயர்நீர் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் என்று இறங்கும் தரை ஒரு நாள் அந்த மட்டத்தை எட்டும். அதன்பின் வாய்க்காலில் நீர் தானாக வடியாது, பம்பு வைத்து இறைக்க வேண்டும். காகிதக்கூழ் மரத்தின் விலை அதற்குக் கட்டாது. எனவே விளிம்புப் பட்டையை விடுவது இப்போதா, நிலம் மூழ்கிய பிறகா என்பதே கேள்வி. அகேசியாவின் 5 ஆண்டுச் சுழற்சி இதற்கு ஒரு வசதியைத் தருகிறது: ஒவ்வொரு கட்டமும் 5 ஆண்டுக்கு ஒரு முறை வெறுமையாகும். காட்டை ஒட்டிய கட்டம் அறுவடையானதும், அடுத்த கன்று நடுவதற்கு முன், தோண்டும் இயந்திரம் அங்கேயே நிற்கும்போது, அதே இயந்திரத்தால் விளிம்பு வாய்க்காலை அடைத்துவிட வேண்டும்.